ஜூலை இருபத்திரண்டில் ஒன்றும் நடக்கவில்லை

பம்பாய் செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரலாற்று வாரப் பேரவை என்றோர் அமைப்பு இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் காலையில் எங்கே போவது என்று தெரியாமல் தவித்த பதினெட்டுப் பேர் சேர்ந்து தொடங்கியது. இன்று அதற்குத் தலைவர் ஒருவர், துணைத் தலைவர்கள் எட்டுப் பேர், செயலாளர்கள் நான்கு பேர், புரவலர்கள் ஐந்து பேர். வெறும் உறுப்பினர் என்று யாரும் கிடையாது.

பேரவையின் பணி ஒன்றே ஒன்று. கட்டட வாசலில், பஸ் ஸ்டாப்பைப் பார்த்தபடி, கண்ணாடி போட்ட பெரிய பலகை இருக்கிறது. 'வரலாற்றில் இவ்வாரம்' என்று மேலே எழுதியிருக்கும். அந்த வாரத்தின் ஏழு நாட்களுக்கும் நேராக, முன்பு என்றோ அதே தேதியில் உலகத்தில் நடந்த பெரிய விஷயம் ஒவ்வொன்று. ஒரு நாளைக்கு ஒரு நிகழ்ச்சிதான். அதற்கு மேல் போட்டால் வரலாற்றின் மதிப்புக் குறைந்துவிடும் என்று விதி ஐந்து சொல்கிறது.

தினமும் மாலையில் அந்தப் பலகையைக் கடைசி வரி வரை படித்தவள் சேசம்மாள் ஒருத்திதான். இது பேரவைக்குத் தெரியாது. அவள் பக்கத்துத் தெருப் பிரசவ ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா, அங்கத்திய பேச்சில் மாவுஷி. பகல் டியூட்டி முடிந்து தாராவிக்குப் போக அங்கேதான் பஸ் ஏறுவாள். பஸ் வர நேரமாகும். தமிழ் எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் இருக்க முடியாது அவளால்.

ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. மழை விட்டிருந்தது. பலகையில் இருபத்தொன்றாம் தேதிக்கு நேராக, மனிதன் நிலவில் கால் வைத்தது, இந்திய நேரப்படி. இருபத்துமூன்றுக்கு, பம்பாயில் வானொலி நிலையம் திறந்தது. இருபத்தைந்துக்கு, சோதனைக்குழாய் முறையில் உலகின் முதல் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது. சேசம்மாள் அந்த வரியில் கொஞ்சம் நின்றாள். அன்றைக்கு மட்டும் அவள் கையால் நான்கு குழந்தைகளைக் குளிப்பாட்டித் துணி சுற்றியிருந்தாள். ஒரு பிள்ளை பிறந்ததைக்கூட எழுதி வைத்திருக்கிறார்களே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு இருபத்திரண்டைப் பார்த்தாள். அதுதான் அன்றைய தேதி. அதற்கு நேராக இருந்தது: 'இந்நாளில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி எதுவும் நடைபெறவில்லை.'

இரண்டு பஸ்களை விட்டாள். மூன்றாவது பஸ் வந்தபோது அவள் பேரவையின் படியேறிக்கொண்டிருந்தாள்.

உள்ளே கிட்டு ஒருவர்தான் இருந்தார். நான்கு செயலாளர்களில் கடைசிச் செயலாளர். பலகையை எழுதுவது, மின்விசிறியை அணைப்பது, டீ சொல்வது மூன்றும் அவர் பொறுப்பு.

"சார், வெளிய போட்டிருக்கியள்லா, அதுல ஒரு தப்பு இருக்கு" என்றாள்.

கிட்டு பதறிப்போனார். போன வருஷம் ஒற்றுப்பிழைக்காக இரண்டு துணைத் தலைவர்கள் ஆறு மாதம் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். "எங்கேம்மா? என்ன தப்பு?"

"இருவத்திரெண்டாந் தேதி ஒண்ணும் நடக்கலன்னு எழுதியிருக்கியள். நடந்திச்சு."

ஆறு வருஷத்துக்கு முன், ஜூலை இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை. தாராவியில் ரெக்சின் பை தைக்கும் காலா ஒன்றில் தீப்பிடித்தது. அந்த ஊரில் சின்னப் பட்டறைக்குக் காலா என்று பெயர். மேலே பரணில் மெஷின்கள். ஏறி இறங்க ஓர் இரும்பு ஏணி. ஒட்டுப்பசை டப்பாக்கள் ஏணிக்குப் பக்கத்தில். ஏழு பேர் போனார்கள். ஏழாவது ஆள் அவள் புருஷன் சேசுராஜ். அவள் அப்போது கோயிலில் பூசையில் இருந்தாள்.

"ஆனா எல்லாரும் ஆறு பேருன்னுதான் சொல்லுதாவ சார். மறுநா பேப்பர்ல ஆறு. அந்தச் சந்துல பத்தாம் நாளு கல்லு ஒண்ணு வச்சாவ, அதுலயும் ஆறு பேரு. அன்னைக்கு எங்க வீட்டுக்காரவுக ஆஸ்பத்திரில உயிரோட இருந்தாவ. உயிரோட இருக்கவுக பேர எப்பிடிக் கல்லுல வெட்டுதது? பொறவு போனாவ. பொறவு யாரும் கல்லத் தொடல."

இப்போது அந்தச் சந்தே போகப்போகிறது. கதவுகளில் எல்லாம் சர்வே நம்பர் எழுதிவிட்டார்கள். இடித்துவிட்டால் இந்த இடத்தில்தான் என்று சொல்ல இடம்கூட இருக்காது. அதனால் ஒரு வரி. ஏழு பேர் என்று ஒரே ஒரு வரி.

கிட்டு அலமாரியைத் திறந்து ஒரு படிவம் எடுத்தார். 'வரலாற்று நிகழ்ச்சி சேர்ப்பு விண்ணப்பம்.' பேரவை தொடங்கி பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. ஓரம் கரையான் அரித்திருந்தது.

வீட்டில் மகள் லிசாவை உட்கார வைத்துப் படிவத்தை நிரப்பினாள். லிசாவுக்குப் பத்தொன்பது வயது, பி.காம். இரண்டாம் வருஷம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"நி-கழ்ச்-சி-யின் வகை. போர், உடன்படிக்கை, கண்டு... கண்டுபிடிப்பு, முடிசூட்டு விழா. இதுல எதும்மா?"

"எதுவும் இல்லன்னு எழுது."

"நிகழ்ச்சியால் உலகில் ஏற்பட்ட மாற்றம்." லிசா பேனாவை வைத்துவிட்டாள். "க்யா லிக்கூ, மா? என்ன எழுதறது?"

சேசம்மாள் பேனாவை வாங்கி அவளே எழுதினாள்: 'எங்கள் வீட்டுக்காரர் இல்லை.'

புதன்கிழமை மாலை விண்ணப்பத்தைக் கொண்டுபோனபோது தலைவர் பஞ்சாபகேசன் வந்திருந்தார். ஒரு வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். வங்கிகள் தேசியமயமான நாளுக்குப் பின் உலகத்தில் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்பது அவர் கருத்து. படிவத்தை நின்றபடியே படித்தார். உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். மடித்துவிட்டு எழுந்து, எதிரே சேசம்மாளும் கிட்டுவும் மட்டுமே இருந்தபோதும், கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறவராகப் பேசினார்.

"ரொம்ப சந்தோஷம்மா. சாதாரண ஜனங்க வரலாறைத் தேடிண்டு வரணும்னுதான் இந்தப் பேரவையே. வரலாறுங்கறது எல்லாருக்கும் சொந்தம். ஆனா எல்லாரும் அதுல வந்து உக்காந்துட்டா மத்தவா எங்கே உக்கார்றது, சொல்லுங்கோ. அதுக்குத்தான் நாங்க இருக்கோம். ஏழைகள் விஷயத்துல பேரவைக்கு ரொம்ப அக்கறை. போன வருஷம்கூட வறுமை வாரம் கொண்டாடினோம், டின்னரோட. உங்க மனுவை நான் தள்ள மாட்டேன். நேரா ஏத்துக்கவும் மாட்டேன். துணைக்குழு போடறேன்."

அங்கேயே அப்போதே 'தாராவி தீ விபத்து ஆய்வுத் துணைக்குழு' உருவானது. ஐந்து பேர். தலைவர் அனந்தகிருஷ்ணன். ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் இருந்தவர். போன் போட்டதும் ஐந்து பேரும் வந்து சேர, வாசல் பலகை முன் நிற்க வைத்து கிட்டு கைபேசியில் படம் எடுத்தார். சேசம்மாளை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பிறகு பலகை மறைகிறது என்று இன்னும் கொஞ்சம் ஓரமாக.

முதல் விசாரணை மாட்டுங்காவில், அனந்தகிருஷ்ணன் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அதற்கே அக்டோபர் ஆகிவிட்டது. நடுவில் 'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லை வரையறுக்க வேண்டியிருந்தது. பெரிய அட்டையில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் இறந்தால் உலக நிகழ்ச்சி. நூறுக்கு மேல் என்றால் தேசிய நிகழ்ச்சி. நூறிலிருந்து பதினொன்று வரை மாநகர நிகழ்ச்சி. பத்தும் அதற்குக் கீழும் 'வருந்தத்தக்க சம்பவம்'.

"நிகழ்ச்சி ஃபாஸ்ட் லோக்கல் மாதிரிம்மா" என்று அனந்தகிருஷ்ணன் பொறுமையாக விளக்கினார். நல்ல மனிதர், அவளுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். "எல்லா ஸ்டேஷன்லயும் நிக்காது. சம்பவம்தான் ஸ்லோ. உங்களது ஸ்லோ. ஆனா கவலைப்படாதீங்கோ, நாங்க விசேஷ அனுமதி குடுக்கலாம். எத்தனை பேர்னு சொன்னேள்?"

"ஏழு பேரு."

"பேப்பர்ல ஆறுன்னு இருக்கே."

அவள் மறுபடி எல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்து வைத்தாள். ஜூலை இருபத்திரண்டில் சேர்த்தது, ஆகஸ்ட் பத்தில் முடிந்தது. அனந்தகிருஷ்ணன் விரல் விட்டு எண்ணினார். பத்தொன்பது நாள். அவர் முகத்தில் முதன்முறையாக உண்மையான ஆர்வம் தெரிந்தது.

"இதுதான் சிக்கல். வண்டி புறப்படற ஸ்டேஷன் வேற, வந்து சேர்ற ஸ்டேஷன் வேற. உங்காத்துக்காரர் ஜூலைல ஏறி ஆகஸ்ட்ல எறங்கியிருக்கார். பலகையோ வாரப் பலகை. அந்த வாரத்துல அவர் இருந்தார். நாங்க எப்படி இல்லைன்னு எழுதறது?"

அவர் சொன்னது ஒரு விதத்தில் நிஜம். அந்த வாரத்தில் சேசுராஜ் இருந்தார். முகம் தவிர உடம்பெல்லாம் கட்டுப்போட்டு, தினமும் கண் திறந்தவுடன் அவளிடம் ஒரே கேள்வி கேட்டபடி இருந்தார்: "இன்னிக்கு என்ன கெழம?" அவள் சொல்வாள். திங்கள். செவ்வாய். புதன். மறுபடி திங்கள். எதற்குக் கேட்கிறார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசியாக அவள் சொன்னது வெள்ளி.

மாட்டுங்காவிலிருந்து வீடு வரை நடந்தே போனாள்.

இரண்டாவது விசாரணைக்குச் சாட்சி கேட்டார்கள். தீயிலிருந்து தப்பியவன் ஒருவன் இருந்தான். மேலப்பாளையத்துப் பையன், தாஹிர். அப்போது இருபத்திரண்டு வயது. இப்போது தேவ்நாரில் இருந்துகொண்டு ஆட்டோ ஓட்டுகிறான். இந்த ஆறு வருஷத்தில் சேசம்மாளை எங்கே பார்த்தாலும் வேறு சந்தில் திரும்பிவிடுவான். அவளும் கவனித்திருக்கிறாள். அவனுக்கு என்ன மனத்தாங்கலோ என்று விட்டுவிட்டாள். இப்போது அவளே போய் ஆட்டோ ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டாள். மறுக்க முடியாமல் வந்தான்.

பேரவைக் கூடத்தில் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தாஹிரை நிற்க வைத்தார்கள். லிசாவும் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

"தீ எத்தனை மணிக்குப் பிடிச்சுது?"

"காலைல சார். பத்து, பத்தரை இருக்கும்."

"பத்தா, பத்தரையா?"

"தெரியல சார். நான் மேல மெஷின்ல இருந்தேன்."

"கடிகாரம் பாக்கலையா?"

"இல்ல சார்."

அனந்தகிருஷ்ணன் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார். மேலே சொல்லச் சொன்னார். தாஹிர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சேசண்ணன் கீழ கட்டிங் டேபிள்ல இருந்தாவ. வாசல் அவுகளுக்கு ரெண்டு எட்டுதான். வெளிய போயிருக்கலாம். போகல. ஏணில ஏறி நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தரா கையப் பிடிச்சு எறக்கி விட்டாவ. ஏணி இரும்பு சார், கொதிக்குது. நாலு பேர எறக்குனாவ. நாலாவது நான். அஞ்சாவது ஆளுக்குக் கைய நீட்டும்போது பரண் எறங்கிட்டு."

சேசம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இதுநாள் வரை அவர் உள்ளே மாட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்திருந்தாள். வாசல் இரண்டு எட்டில் இருந்தது அவளுக்குத் தெரியாது. பத்தொன்பது நாள் பக்கத்திலேயே இருந்தாள், அவரும் சொல்லவில்லை.

அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டதும் கேட்டார்: "நாலு பேரைக் காப்பாத்தினார்ங்கறதுக்கு ரிகார்டு ஏதாவது?"

"நான் இருக்கேன் சார்."

"அது வாய்மொழி. எழுத்துல?"

"எழுத்துல எப்பிடி சார். நான் செத்திருந்தா எம்பேரு பேப்பர்ல வந்திருக்கும்."

"கரெக்ட். பொழைச்சவா எண்ணிக்கையை யாரும் போடறதில்லை. அது நம்ம முறையில இருக்கற குறை" என்று ஒப்புக்கொண்டார் அனந்தகிருஷ்ணன். "குறைன்னு குறிப்புல எழுதிக்கோங்கோ, கிட்டு."

கிட்டு எழுதினார். அன்றைய நடவடிக்கைக் குறிப்பு கடைசியில் இப்படி முடிந்தது: 'சாட்சியின் ஆட்டோ நோ பார்க்கிங்கில் நின்றதால் விசாரணை விரைந்து முடிக்கப்பட்டது.'

படியில் இறங்கும்போது தாஹிர் நின்றான். "அக்கா" என்றான். "கீழ எறக்கி விட்டதும் நான் திரும்பிப் பாக்காம ஓடிட்டேன் அக்கா. ரோடு வரைக்கும் ஓடுனேன். அதான் ஒங்க மொகத்துல முழிக்க மாட்டாம..."

சேசம்மாள் அவனைப் பார்த்தாள். இருபத்தெட்டு வயதாகிவிட்ட அவன் காதோரம் அதற்குள் நரைத்திருந்தது.

"ஓடுததுக்குத்தான தம்பி அவுக எறக்கி விட்டாவ" என்றாள்.

அன்றிலிருந்து லிசா அம்மாவிடம் பேசுவது குறைந்தது. ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே வெடித்தாள். "சோட் தோ, மா, விட்டுடு. அந்தாளு காப்பி குடிச்சிக்கிட்டு, கடிகாரம் பாத்தியான்னு கேக்குறாரு. அவங்க யாரு பப்பா பேர எழுதறதுக்கு? அவங்க எழுதலன்னா பப்பா சாகலையா?"

"எழுதலன்னா ஆறு பேருதான் செத்தாவ" என்றாள் சேசம்மாள்.

"நமக்குத் தெரியுமே."

"நமக்குத் தெரியும். எனக்குப் பொறவு ஒனக்கு. ஒனக்குப் பொறவு?"

லிசா குழாயை மூடினாள். அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கும் கூடவே வந்தாள்.

பிப்ரவரியில் துணைக்குழு ஆகஸ்ட் பத்தாம் தேதியை எடுத்துக்கொண்டது. தீ விபத்தை விட்டுவிட்டு சேசுராஜை மட்டும் அவர் இறந்த வாரத்தில் சேர்க்கலாமா என்பது கேள்வி. வரப்போகும் ஆகஸ்ட் பத்து ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா திங்களில் தொடங்குகிறதா என்பதில் பேரவை முன்பு ஒருமுறை உடைய இருந்தது. தலைவர் ஞாயிறு கட்சி, அனந்தகிருஷ்ணன் திங்கள் கட்சி. பழைய புண் திரும்பவும் கிளறப்பட்டது. மூன்று கூட்டங்கள் அதிலேயே போயின. தலைவர் ஒருமுறை எழுந்து வெளியே போய், மழை இல்லாத மாதத்தில் குடையை மறந்துவிட்டதாகத் திரும்பி வந்தார்.

"உங்க கோயில்ல எப்படிம்மா?" என்று சேசம்மாளைக் கேட்டார்கள்.

"ஞாயிறுதான் சார் மொத நாளு."

"பாத்தேளா" என்றார் தலைவர்.

"மத விஷயத்தைக் கால அட்டவணையில கொண்டு வரப்படாது" என்றார் அனந்தகிருஷ்ணன்.

கடைசியில் இரண்டு வகையிலும் பார்த்தார்கள். ஞாயிறில் தொடங்கினால் அது சுதந்திர வாரம். பேரவைத் தீர்மானப்படி அதில் வேறு எதற்கும் இடமில்லை. திங்களில் தொடங்கினால் அது ஆகஸ்ட் புரட்சி வாரத்தின் கடைசி நாள், அதிலும் இடமில்லை. இந்த முடிவு வந்ததும் இரண்டு கட்சியும் சமாதானமாகிவிட்டது. ஒரே கருத்துக்கு வந்ததைக் கொண்டாட போண்டா வரவழைத்தார்கள்.

"நாடே அந்த ரெண்டு வாரத்துல நெருக்கியடிச்சுண்டு நிக்கறதும்மா" என்றார் அனந்தகிருஷ்ணன். அவருக்கு உண்மையாகவே மனம் கனத்திருந்தது. அட்டவணையை அவள் பக்கம் திருப்பி, விரலால் தொட்டுக் காட்டினார். "இதோ, ஆகஸ்ட் கடைசி வாரம். காலியா கெடக்கு. எங்களுக்கே ஆள் கிடைக்காம திண்டாடறோம். அவர் மட்டும் இன்னும் ஒரு ரெண்டு வாரம் தாக்குப்பிடிச்சிருந்தார்னா, பேஷா போட்டிருக்கலாம்."

லிசா எழுந்து வெளியே போய்விட்டாள். சேசம்மாள் அவர் விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம். டாக்டர் ஒருநாள், இரண்டு வாரம் தாண்டிவிட்டால் நம்பிக்கை உண்டு என்று சொன்னார். தாண்டினார். பதினைந்தாம் நாள் அரை டம்ளர் கஞ்சி குடித்தார். அவள் வார்டில் எல்லோரிடமும் போய்ச் சொன்னாள்.

"அவுகளால ஆனத தாக்குப்பிடிச்சாவ சார்" என்றாள்.

"அதுல சந்தேகமே இல்லை" என்றார் அனந்தகிருஷ்ணன்.

ஏப்ரலில் பேரவையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. லிசா எழுத்துக்கூட்டிப் படித்தாள். சேசம்மாளின் விண்ணப்பத்தைத் தொடர்ந்து துணைக்குழு ஜூலை இருபத்திரண்டைத் தீவிரமாக ஆராய்ந்ததாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில் அதே தேதியில்தான் அரசியல் நிர்ணய சபை தேசியக் கொடியை ஏற்றுக்கொண்டது என்று கண்டுபிடித்ததாம். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிவந்த பெரும்பிழை இதனால் நீங்கியது. 'இதற்குக் காரணமான தங்களுக்குப் பேரவை என்றும் கடமைப்பட்டுள்ளது. ஒரு நாளுக்கு ஒரு நிகழ்ச்சி என்ற விதி ஐந்தின்படி, அந்நாளில் இனி இடமில்லை என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

சேசம்மாள் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். கொடி மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கொடியிடம் போய் கொஞ்சம் தள்ளி உட்கார் என்று சொல்ல முடியாது.

மே மாதம் அந்தச் சந்து இடிபட்டது. அவள் டியூட்டியில் இருந்தாள். மாலையில் போய்ப் பார்த்தபோது தகரம் அடித்து அடைத்திருந்தது. ஆறு பேர் கல் என்ன ஆயிற்று என்று காவல்காரனைக் கேட்டாள். எந்தக் கல் என்று அவன் கேட்டான்.

ஜூலை வந்தது. கிட்டு ஆஸ்பத்திரிக்கே நேரில் வந்து அழைத்தார். வரும் ஞாயிறு மாலை பேரவையின் ஆண்டு விழா. அந்த வாரப் பலகையைத் தலைவர் திறந்து வைக்கிறார். சேசம்மாளுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். "உங்க நிகழ்ச்சி பலகைல வந்துடுத்தும்மா" என்றார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. பிரசவ வார்டின் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாஹிர் ஆட்டோவில் கூட்டிப்போனான். லிசா கூட வந்தாள். சேசம்மாள் கோயிலுக்குக் கட்டும் நீலப் புடவை கட்டியிருந்தாள். வாசலில் தாஹிர் வண்டியை நிறுத்திவிட்டு, "நான் இங்கயே இருக்கேன் அக்கா, போலீசு வருவான்" என்றான். லிசாவும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

பலகையில் பட்டுத்துணி மூடியிருந்தது. பஞ்சாபகேசன் இருபது நிமிஷம் பேசினார். வரலாறு மாளிகைகளில் மட்டும் இல்லை, குடிசைகளிலும் இருக்கிறது. ஆனால் அதைக் கண்டெடுக்க மாளிகையிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருக்கிறது என்றார். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். துணியை விலக்கினார்கள்.

இருபத்திரண்டாம் தேதிக்கு நேராக தேசியக் கொடி இருந்தது. சேசம்மாள் கண்ணைக் கீழே இறக்கினாள். இருபத்துமூன்றில் வானொலி நிலையம். இருபத்துநான்கு மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

'தாராவி தீ விபத்து ஆய்வுத் துணைக்குழு தொடங்கப்பெற்ற நாள்.' அதன் கீழே துணைக்குழுவின் ஐந்து பெயர்கள். அதற்கும் கீழே பேரவைத் தலைவர் பெயர். பக்கத்தில் போன வருஷம் எடுத்த படம். படத்தின் ஓரத்தில் ஒரு சேலை முந்தானை தெரிந்தது.

"இருபத்துநாலுல வேற ஒண்ணு இருந்துது. எடுத்துட்டோம்" என்றார் பஞ்சாபகேசன். "துணைக்குழு தன் வேலையைப் பரிபூரணமா முடிச்சிருக்கு. தாராவி தீ விபத்துங்கற வார்த்தை இனிமே வருஷா வருஷம் இந்தப் பலகைல வரும். நீங்க கேட்டதுக்கு மேலயே பண்ணியாச்சு. திருப்திதானேம்மா?"

சேசம்மாள் பலகையை முதலிலிருந்து கடைசி வரை இன்னொரு முறை படித்தாள். எத்தனை பேர் என்று எங்கும் இல்லை. ஆறும் இல்லை, ஏழும் இல்லை. பொன்னாடையை எடுத்து நான்காக மடித்தாள். சுற்றியிருந்தவர்கள் அவள் நன்றி சொல்லக் காத்திருந்தார்கள்.

"பேரெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கிடுங்க சார்" என்றாள். "பேரு விட்டுப்போச்சுன்னா ரொம்பக் கஷ்டம். பொறவு சேக்க முடியாது."

அவள் குரலில் கேலி இல்லை. அதனால் பஞ்சாபகேசனுக்குப் பகீரென்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகைக்கு அருகில் போனார். அனந்தகிருஷ்ணன் போனார். துணைத் தலைவர்கள் எட்டுப் பேரும் போனார்கள். தலைவர் பெயருக்கு முன்னால் இரண்டு தலைப்பெழுத்துக்கு ஒன்றுதான் இருந்தது. அப்பாவின் எழுத்து விட்டுப்போயிருந்தது.

அவசரக் கூட்டம் அங்கேயே, நின்றபடி கூடியது. எழுதி முடித்த பலகையில் எதையும் சேர்க்கக் கூடாது என்ற விதி பதினெட்டு தளர்த்தப்பட்டது. முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். ஸ்டூல் வந்தது. ஒரு வருஷமாக ஆகாதது ஆறு நிமிஷத்தில் ஆகிக்கொண்டிருந்தது. கிட்டு தூரிகையோடு ஸ்டூலில் ஏறினார். ஏறியவர் ஒருமுறை திரும்பி சேசம்மாள் நின்ற இடத்தைப் பார்த்தார். அவள் அங்கே இல்லை.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் பின்னால் கைதட்டல் கேட்டது. எழுத்து சேர்ந்துவிட்டது போலிருக்கிறது.

"யாருக்கும்மா தட்டுறாங்க?" என்றாள் லிசா.

"அவுகளுக்கே தட்டிக்கிடுதாவ" என்றாள் சேசம்மாள். தாஹிரின் தோளைத் தொட்டு, வண்டியை எடுக்கச் சொன்னாள்.